அத்தானின் வெள்ளிக்கிழமை மீன்

நீர்வேலியில் இருந்து மாட்டுவண்டியில் வந்த அத்தான், குருநகர் சவிரிமுத்துவிடம் சின்னத் தோணியை இரவல் வாங்கி, இன்று காலை என்னையும் ஆழமில்லாத பரவைக்கடலுக்குள் மீன்பிடிக்க இழுத்துக்கொண்டு போனார்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ அத்தான்?”

“பிடிக்கிறதிலை என்ன? தின்னாட்டிச் சரி.”

பிடித்தும் விட்டார். சப்பைத் தலையோடு, ஒரு கை நீள மீன்.

“அடிச்சுப் போடுவமே?” என்றேன்.

அத்தான் காதைப் பொத்திக்கொண்டார். “வெள்ளிக்கிழமையிலை கொலையோ? நாளைக்கு விடியும்வரை உயிரோடை கிடக்கட்டும்.”

கரைக்கு வந்து மீனைத் தோணியோடு கட்டித் தண்ணீரில் விட்டார். இருவரும் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு திரும்பினோம்.

மீனும் இல்லை. தோணியும் இல்லை. தோணியைக் கரையில் கட்ட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

“என்ரை தோணி எங்கை?” என்றார் சவிரிமுத்து.

“மீன் இழுத்துக்கொண்டு போயிட்டுது, சவிரிமுத்தண்ணை” என்றார் அத்தான்.

“வெள்ளிக்கிழமையிலை எங்கடை கத்தோலிக்க வேதத்துக்கு இறைச்சிதான் ஆகாது. உந்த மீனைக் கண்டனெண்டால் இண்டைக்கே தின்னுவன்!”

கரையோரத்து நண்பர்களே, ஆளில்லாத தோணியைக் கண்டால் பிடித்து வையுங்கள். மீனை மட்டும் நாளை விடியும் வரை ஒன்றும் செய்ய வேண்டாமென்று அத்தான் கேட்டுக்கொள்கிறார்.