கறுப்பு நாடா வைத்த மஞ்சள் பைகள்

போன வருடம் தை மாதம், கொல்கத்தாவில், எங்கள் மகள் கல்யாணத்துக்குச் சரியாகப் பதினோரு நாள் இருக்கும்போது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் கூச்சமாக இருக்கும், அப்புறம் சிரிப்பு வரும், கடைசியில் மனசு நிறைந்துபோகும்.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று தலைமுறையாக நாங்கள் இந்த ஊர்தான். ஜாதவ்பூரில் வீடு, எனக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. கடைக்குப் போனால் சோப்பாக இருந்தாலும் சேலையாக இருந்தாலும், இதை யார் செய்தார்கள், அவர்களுக்கு ஒழுங்காகக் கூலி கிடைத்ததா என்று குடைந்து கேட்காமல் வாங்க மாட்டேன். ஒரு பொருள் ரொம்ப மலிவாகக் கிடைத்தால் யாரோ ஒருவர் வயிற்றில் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இது நான் ஆபீசில் அடிக்கடி செய்யும் பிரசங்கம். என் வீட்டுக்காரர் என்னோடு மார்க்கெட்டுக்கு வருவதை நிறுத்தி வெகு நாளாகிறது.

அப்படிப்பட்டவள் மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பையை மொத்த வியாபாரக் கடையில் வாங்குவேனா? கிடர்பூரில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு தையல் கூடம் நடத்துவதாக மகள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். மறுநாளே இருவரும் கிளம்பினோம். லாரிகளும் கைவண்டிகளும் நெருக்கியடிக்கும் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஒரே அறை. ஒன்பது தையல் மெஷின்கள். அந்தப் பெண்கள் எல்லாரும் முன்பு ஒரு ஏஜெண்டுக்குக் குழந்தைகள் கவுன் தைத்துக்கொண்டிருந்தவர்கள். பண்டிகை வந்தால் நாளைக்கே வேண்டும் என்பாராம். ராத்திரி முழுக்கத் தைத்துக் கொடுத்தால், அதில் பாதியைச் சரியில்லை என்று ஒதுக்கிவிடுவாராம். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இவர்களே தனியாகத் தொடங்கிவிட்டார்கள். காலை பத்து மணிக்கு வேலை ஆரம்பம், மாலை ஐந்து அடித்தால் எல்லாரும் எழுந்துவிட வேண்டும். எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் அதில் மாற்றம் இல்லை.

இதைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடத்தை நடத்துகிறவரை எல்லாரும் 'தீதி' என்றுதான் கூப்பிட்டார்கள், தமிழில் அக்கா என்பதுபோல. என் வயதுதான் இருக்கும். என்னை அவர் 'பௌதி' என்றார், அண்ணி என்று அர்த்தம். மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்து, மாப்பிள்ளை யார், என்ன வேலை, நல்ல பையனா என்றெல்லாம் விசாரித்து, என் மகளின் தாடையைப் பிடித்துக் கொஞ்சினார். மஞ்சள் காடாத் துணியில் முந்நூறு பை, மணமக்கள் பெயர் சிவப்பில், பிடியும் அதே மஞ்சளில் என்று பேசி முடித்து வந்தோம்.

சொன்ன தேதியில் பைகள் தயார் என்று போன் வந்தது. மகளுக்கு அன்று ஆபீசில் ஏதோ மீட்டிங். நான் மட்டும் போனேன். போய்ச் சேரும்போது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். தீதி முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பையை எடுத்து என் கையில் வைத்தார்.

எனக்குப் பகீரென்றது. பை மஞ்சள்தான், எழுத்தும் அழகுதான். ஆனால் பிடி இரண்டும் கன்னங்கரேல் என்று கறுப்பு நாடா! கல்யாண வீட்டுப் பையில் கறுப்பு!

தீதிக்கு என் முகம் புரியவில்லை. பெருமையாக விளக்கினார். மஞ்சள் பிடி இரண்டே நாளில் கை அழுக்குப் பட்டுப் பாழாகிவிடும், அப்புறம் யாரும் அந்தப் பையைத் தொட மாட்டார்கள், கறுப்பாக இருந்தால் வருஷக்கணக்கில் காய்கறி வாங்கப் போகலாம் என்று எல்லாரும் கலந்து பேசிச் செய்தார்களாம். நாடா அவர்கள் செலவு. கல்யாணப் பெண்ணுக்குத் தங்கள் அன்பளிப்பு என்றார்.

மஞ்சள் பிடி என்று சொன்னேனே தவிர, கறுப்பு கூடாது என்று சொல்லியிருந்தேனா? இல்லை. அது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அப்போது நான் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலியிலிருந்து அடுத்த வாரம் வருகிறார்கள், சம்பந்தியம்மா வாயைத் திறந்து அதிகம் பேசாதவர், அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்குப் பயம். அவர் இந்தப் பையைப் பார்த்தால் என்ன நினைப்பார்? என் குரல் தானாக ஏறிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. இது கல்யாண வீடு. ராத்திரி உட்கார்ந்து தைப்பீங்களோ, என்ன செய்வீங்களோ, நாலு நாள்ல முந்நூறும் மாத்தி வந்தாகணும்!" என்று பெங்காலியில் கத்தினேன்.

அப்போது மணி ஐந்தாகிவிட்டது. பெண்கள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, முப்பது வயதிருக்கும், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, தன் மெஷின் முன்னால் உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் பையைக் கீழே வைத்தாள்.

யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. என் குரலே போதுமானதாக இருந்தது.

தீதி கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "எங்க பழைய ஏஜெண்டும் இப்படித்தான் பௌதி. எப்பப் பார்த்தாலும், பண்டிகை ஆர்டர், ராத்திரி உட்கார்ந்து தைங்கம்பாரு."

உலகத்துக் கடைக்காரர்களையெல்லாம் கேள்வி கேட்கிறவள், அந்த ஏஜெண்டின் வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். விறுவிறுவென்று போய் அந்தப் பெண்ணின் மெஷின் விளக்கை நானே அணைத்தேன். "வீட்டுக்குப் போம்மா, தப்பு என்னுது" என்றேன். அவள் நம்பாமல் தீதியைப் பார்த்தாள். தீதி தலையசைத்த பிறகுதான் எழுந்தாள்.

அதற்காகக் கறுப்பு நாடாவோடு கல்யாணத்தை நடத்த எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த விஷயத்தில் நான் இன்னும் பழைய ஆள்தான். தீதியும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். தைப்பதைவிட, தைத்ததைப் பிரிப்பதுதான் நேரம் பிடிக்கும் என்றார் தீதி. பிரிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், அழுக்குத் தெரியாத சிவப்பு நாடாவும் நானே வாங்கித் தருகிறேன், பத்திலிருந்து ஐந்துக்குள் எத்தனை முடியுமோ அத்தனை தைத்தால் போதும், அதற்குத் தனிக் கூலி என்று முடிவானது. கூலியை அவர் வேண்டாமென்று மறுத்தார். நான் விடவில்லை. முந்நூறு பையையும் டாக்ஸியில் திணித்துக்கொண்டு வீடு வந்தேன்.

கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் கையிலெல்லாம் பிளேடைக் கொடுத்தேன். கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தோம். ஒரு பைக்கு இரண்டு பிடி, ஒவ்வொரு பிடிக்கும் இரண்டு முனை. ஒவ்வொரு முனையிலும் சின்னச் சதுரமாகத் தையல், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இன்னொரு தையல், தேங்காய் கனத்தில் அறுந்துவிடக் கூடாது என்று. முதல் நாள் முடிவில் என் நாத்தனாருக்கு விரலில் மூன்று இடத்தில் பிளாஸ்திரி. என் வீட்டுக்காரர் நான்கு பை பிரித்துவிட்டு, கண் தெரியவில்லை என்று நழுவப் பார்த்தார். அந்தத் தையலைப் போட்ட கைகளின் அருமை அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது என்று சொல்ல வேண்டும். தினமும் ஆபீஸ் போகும் வழியில் மகள் பிரித்த பைகளைக் கிடர்பூரில் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே சம்பந்தியம்மா வந்து நின்றார். கறுப்பு ஆகாது என்று இத்தனை பாடு பட்டேனா, அன்று கல்யாண வீட்டுக் கூடம் முழுக்கக் கறுப்பு நாடாத் துண்டுகள்! மறைக்க இடமே இல்லை. பொய் சொல்லவும் வரவில்லை. நான் கத்தியதையும் சேர்த்து அப்படியே ஒப்புக்கொண்டேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கைப்பையைச் சுவர் ஓரமாக வைத்தார், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், பாயில் உட்கார்ந்து ஒரு பிளேடு கேட்டார்.

"நானும் கல்யாணத்துக்கு முன்னால பீடி சுத்துனவதான் மதினி. பீடிக் கடையில பாதியக் கழிவுன்னு எடுத்து வீசுவாவ. என்ன தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல, கூலியும் கிடையாது. வீட்டுக்குப் போய் அழுவேன். நீங்க கழிச்சுப் போடாம உக்காந்து பிரிக்கியளே, அது போதும் எனக்கு."

அதுவரை என்னைச் சம்பந்தி என்றே அழைத்தவர், முதல்முறையாக மதினி என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் எல்லாரையும்விட வேகமாகப் பிரித்தவர் அவர்தான். அன்று பேச ஆரம்பித்த நாங்கள் இருவரும் இன்றுவரை போனில் நிறுத்தவில்லை.

கடைசியில் நாற்பது பை கறுப்புப் பிடியோடே நின்றுவிட்டன. வரவேற்பில் என் ஆபீஸ் தோழிகளுக்கு அவற்றைக் கொடுத்தேன். அவர்கள் எல்லாரும் அந்தக் கறுப்புப் பிடியைத்தான் அழகு என்றார்கள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேல், தீதியும் கூடத்தின் மற்ற எட்டுப் பெண்களும் நல்ல உடுப்பு உடுத்தி, தலையில் பூ வைத்து வந்தார்கள். சம்பந்தியம்மாதான் அவர்களை முன்வரிசைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். பாஷை தெரியாமலே சாப்பாட்டுக்கு உபசாரம் செய்தார். அன்று திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தாளே, அந்தப் பெண்ணுக்கு நானே தாம்பூலம் கொடுத்தேன். வாங்கியதும் அவள் தேங்காயைப் பார்க்கவில்லை. பையைச் சாய்த்து உள்பக்கத் தையலைப் பார்த்தாள். திருப்தியாகச் சிரித்தாள்.

எங்கே வாங்குகிறேன் என்பதைப் பார்த்தால் போதும், என் கடமை முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதும் தையற்காரரிடமோ, இஸ்திரி போடுகிறவரிடமோ 'நாளைக்கே வேணும்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிடும். அதை விழுங்கிவிட்டு, "உங்களுக்கு எப்ப முடியும்?" என்று கேட்கிறேன். கேட்டதும் அவர்கள் ஒரு நொடி திகைத்து என்னைப் பார்க்கிறார்கள், இத்தனை வருடத்தில் அவர்களை நான் அப்படிக் கேட்டதே இல்லை என்பது அப்போதெல்லாம் எனக்கு உறைக்கிறது.