அண்ணன் கழற்றச் சொன்ன துண்டு

குலதெய்வத்தை வணங்கி, இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளையும் நண்பர்களையும் வணங்கித் தொடங்குகிறேன். எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டாகிவிட்டது. நினைவு மலர் என்றால் மறைந்தவரைத் தங்கமானவர், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். தங்கமானவர்தான், மறுக்கவில்லை. பொறுமை என்று எழுதினால் அண்ணியே சிரித்துவிடுவார். அண்ணன் பிடிவாதக்காரர். உடும்பு விட்டாலும் அவர் பிடித்த பிடியை விடமாட்டார். அந்தப் பிடிவாதத்தால் பல வீடுகளில் இன்று அடுப்பு எரிகிறது. அதை எழுதத்தான், ஒரே தங்கை என்ற உரிமையில், மற்றவர்களிடமிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

அண்ணன் பிறந்தது பேரையூருக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில். வானம் பார்த்த பூமி. பருத்தியும் சோளமும்தான் வெள்ளாமை. அண்ணனுக்கு மீசை அரும்பும் முன்பே எங்கள் தகப்பனார் காலமானார். அடுத்தடுத்து மழையும் பொய்த்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் நிலத்தைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு மதுரைக்கு வந்தார். வில்லாபுரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் ஓர் அறை. பருத்தியில் கொட்டையையும் பஞ்சையும் பிரிக்கும் அரவை மில் ஒன்றில் மூட்டை தூக்கினார். "ஊர்ல வெதச்சதத்தான் இங்க வந்து செமக்குறேன்" என்று சொல்லிச் சிரிப்பார். மூட்டை தூக்கியவர் மெஷினுக்கு எண்ணெய் விடுபவரானார், பிறகு மேஸ்திரியானார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர் தம் மகளை, எங்கள் அண்ணியை, அந்தச் சம்பளத்தை நம்பித்தான் கட்டிக்கொடுத்தார்.

மேஸ்திரியாவதற்குச் சற்று முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த மில்லில் ஒவ்வொரு மெஷினையும் ஒரு நீளமான பெல்ட் ஓட்டும். அந்த பெல்ட்டுக்கு மூடியும் கிடையாது, வேலியும் கிடையாது. உள்ளே பஞ்சுத் தூசியும் புழுக்கமும். முகம் துடைக்க ஆளுக்கொரு துண்டு கழுத்தில் கிடக்கும். மாரி என்பவர் அண்ணனை "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டு ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர். ஒருநாள் அவர் குனிந்தபோது துண்டின் முனையை பெல்ட் இழுத்தது. துண்டைக் காப்பாற்றப் போன வலது கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. அண்ணன்தான் அவரைத் தூக்கிக்கொண்டு லாரி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கண் விழித்த மாரி அண்ணன், கை போனது தெரியாமல், "துண்டு கிழிஞ்சிருச்சா மாப்ள?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு எங்கள் அண்ணன் அழுதார். அப்பா இறந்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜையில் அவர் புது மேஸ்திரி. மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டும்போது, எந்திரம் நல்லா ஓடணும், மில்லு செழிக்கணும் என்று மேஸ்திரி வேண்டிக்கொள்வது முறை. அண்ணன் சத்தமாக வேறொன்று சொன்னார்: "வர்ற சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறதுக்குள்ள, ஓடுற மெஷின்கிட்ட ஒருத்தர் கழுத்துலயும் துண்டு கெடக்கக் கூடாது. அது என் பாடு."

இதிலென்ன பெரிய காரியம், கழற்று என்றால் கழற்றிவிட்டுப் போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். மறுநாள் வாசலில் நின்று, "எல்லாரும் துண்டக் கழட்டிட்டு உள்ள வாங்கப்பா" என்றார். ஒருவரும் அசையவில்லை.

பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. அது ஒழிந்து அதிக காலம் ஆகவில்லை. சில ஊர்களில் ஒழியவும் இல்லை. அந்த மில்லில் மூத்த ஆள் சோலை அண்ணன். அவர் பிறந்த தெருவும் எங்கள் அண்ணன் பிறந்த தெருவும் வேறு வேறு. விரித்து எழுத வேண்டியதில்லை, படிப்பவர்களுக்கே புரியும். சோலை அண்ணன் முன்னால் வந்து சொன்னார்: "எங்கப்பன் கக்கத்துல வச்ச துண்டு மேஸ்திரி இது. நான் தோள்ல போட்டுருக்கேன். நீங்க சொல்லி எறக்க மாட்டேன்."

அண்ணன் வீட்டுக்கு வந்தார். "நான் கையை நெனச்சுச் சொன்னேன். அவுக மானத்த நெனச்சுக் கேட்டாக. அவுக கேட்டதுலயும் தப்பில்லம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, "அப்ப விட்ருடா" என்றார். விடுகிற ஆளா அவர்!

மறுநாள் மில் வாசல் சுவரில் வரிசையாக ஆணிகள் அடித்தார். முதல் ஆணியில் தன் துண்டை மாட்டிவிட்டு வெறும் தோளோடு வேலை பார்த்தார். இளவட்டங்கள் சிலர் கழற்றினார்கள், மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. உடனே அடுத்த பிடிவாதம்: ஓடுகிற மெஷின்கிட்ட ஒரு துண்டு கிடந்தாலும் அன்றைக்கு மதியச் சோறு சாப்பிட மாட்டாராம். நல்ல கூத்து! அண்ணி கட்டிக்கொடுத்த தூக்குவாளி கனம் குறையாமல் திரும்பி வரும். "என் கொழம்புமேல அம்புட்டு வெறுப்பா?" என்று அண்ணி கேட்பார். இரக்கப்பட்டு இன்னும் சிலர் கழற்றினார்கள். சோலை அண்ணன் மசியவில்லை. "மேஸ்திரி பட்டினி கெடக்குறாராக்கும். நாங்க பாக்காத பட்டினியா?" என்றார்.

பங்குனி பிறந்துவிட்டது. ஒருநாள் சோலை அண்ணனே மனம் திறந்தார். "மொதலாளி அங்கவஸ்திரத்தோட உள்ள வாராரு. பெல்ட்டுக்கு ஏழை துண்டு, பணக்காரத் துண்டுன்னு தெரியுமா? அவரு கழட்டட்டும், அடுத்த நிமிசம் நான் கழட்டுறேன்." அண்ணன், "நியாயந்தான்" என்றார்.

நியாயம் சரி. முதலாளியிடம் போய் யார் சொல்வது? அப்போது அண்ணி முழுகாமல் இருந்தார். என் படிப்பு பாதிதான் முடிந்திருந்தது. மூன்று பெண்களும் அந்த ஒரு சம்பளத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இது தெரிந்தும், முதலாளி வெளியூர் வியாபாரிகள் இருவருடன் மில்லுக்கு வந்த அன்று, அண்ணன் வாசலில் மறித்து நின்று கும்பிட்டார். "ஐயா, மெஷின் ஓடுது. அங்கவஸ்திரத்த இங்க மாட்டிட்டு உள்ள வாங்க. இல்லாட்டி மெஷின நிறுத்துறேன், அப்புறம் போங்க."

முதலாளி முகம் சிவந்துவிட்டதாம். "யாருகிட்டப் பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் ஐயா பேசுறேன். மாரியத் தூக்கிட்டுப் போனவன் நான். உங்களயும் அப்படித் தூக்க என்னால முடியாது."

அவர் உள்ளே போகாமல் காரில் ஏறினார். ஏறும்போது, "நாளைக்கு உனக்கு வேல இருக்கான்னு பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, சாப்பிடத்தான் ஆளில்லை. அம்மா மன்னிப்புக் கேட்கச் சொல்லி அழுதார். நான் படிப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். அண்ணி மட்டும், "கும்புட்டுத்தான சொன்னீக? அப்புறம் எதுக்கு மன்னிப்பு?" என்றார். சோழவந்தான் பெண்ணுக்கு நெஞ்சழுத்தம் அதிகம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அண்ணன் வழக்கம்போல மில்லுக்குப் போனார். வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை. பத்து மணிவாக்கில் முதலாளியின் கார் வந்தது. இறங்கினார். அங்கவஸ்திரத்தை எடுத்துக் கார் சீட்டில் போட்டார். வெறும் சட்டையோடு அண்ணனைத் தாண்டி உள்ளே நடந்தார். மூன்றாவது மெஷின் அருகே நின்று, "மேஸ்திரி, இது என்ன இப்படிக் கத்துது? எண்ணெ விடச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். முந்தின நாள் நடந்ததைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகு என்றும் பேசவில்லை. அவர் மனத்தில் என்ன ஓடியதோ, நமக்குத் தெரியாது. அவருக்கும் இம்மலரில் எங்கள் வணக்கம் உரியது.

சோலை அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல வெளியே வந்தார். துண்டை உதறி, மடித்து, அண்ணன் துண்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். "மேஸ்திரி, இன்னைக்காச்சும் சோறு திம்பீகளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அழகர் ஆற்றில் இறங்க இன்னும் நாள் இருந்தது. அந்த வருடம் அண்ணன் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், வைகை மணலில் நின்று தண்ணீர் பீய்ச்சுபவர்களோடு சேர்ந்து ஆடினார். அடேயப்பா, என்ன ஆட்டம்! அத்தனை பெருமை எனக்கும்.

அதன் பிறகு வருடா வருடம் ஆயுத பூஜையில் சூடத்தின் முன் ஒரு வேலையைத் தன் பொறுப்பாகச் சொல்லி, சித்திரைக்குள் முடிப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு வருடம் பெல்ட்டுகளுக்கு உடைந்த பெட்டிப் பலகைகளை வைத்து வேலி அடைத்தார். இன்னொரு வருடம் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டு, கூந்தலை முடிந்துகொண்டு நிற்க ஏற்பாடு. "எங்க வீட்டுக்காரர் சட்டையப் போட்டா ஊரே சிரிக்கும் அண்ணே" என்று அவர்கள் கேலி செய்தார்கள். தன் சட்டையையே கொடுத்துப் பழக்கினார். மாரி அண்ணனைத் திரும்ப மில்லுக்குக் கூட்டிவந்து வாசல் காவலில் உட்கார வைத்ததும் அப்படி ஒரு வருடத்துப் பிடிவாதம்தான்.

தூசி ஒன்றில்தான் அவர் தோற்றார். ஈரத்துணியை மூக்கில் கட்டச் சொன்னார், சுவரில் காற்றுப்போக்கி வைக்கச் சொல்லிக் கேட்டார். பாதிதான் நடந்தது. எல்லாரையும் துணி கட்டச் சொன்னவர் கத்திக் கத்தி வேலை வாங்க வேண்டியிருந்ததால், தான் மட்டும் கட்டவில்லை. இருமல் நெஞ்சிலே தங்கிவிட்டது. எவ்வளவு வருத்தமாக இருக்கிறது தெரியுமா, இதை எழுத! கடைசி நாட்களிலும் பார்க்க வந்தவர்களிடம், "துணி கட்டுறியா?" என்றுதான் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

அண்ணனின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் பார்த்த மருத்துவருக்கும் நர்சம்மாக்களுக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து டாக்சி பிடித்துத் தந்த பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும், சோழவந்தான் சம்பந்தி வீட்டாருக்கும், பேரையூர்ப் பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மில்லை அடைத்துவிட்டுத் திரண்டு வந்த தொழிலாளத் தோழர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அண்ணன் மறைந்த அன்று நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் மேஸ்திரியான பிறகு அந்த மில்லில் வேலைக்குச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராக வந்து அவரைக் கும்பிட்டார்கள். அழுதுகொண்டே அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேருக்கும் இரண்டு கைகள் இருந்தன.