பொம்மை சொன்ன சேதி

சாவு வீடுகளில் நான் வாயைத் திறப்பதில்லை. மனைவி பேசுவாள், நான் தலையாட்டுவேன். கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதும் தெரியும். பேசட்டும்.

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு டீத்தூள் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். சரக்கு சுமார்தான். ஆனால் என்னிடம் ஒரு பொம்மை இருந்தது. உதடு அசையாமல் பேசும் வித்தையை மதுரைப் பொருட்காட்சியில் ஒருவரிடம் கற்றிருந்தேன். வேனின் பின்கதவைத் திறந்து, பொம்மையை மடியில் உட்கார வைத்து, மைக்கை நீட்டினால் ஊரே கூடிவிடும். அதற்கு மூக்கடைத்த பொடியன் குரல். 'என்னக்கா' என்று அது ஆரம்பித்தாலே சிரித்துவிடுவார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் டீக்கடையில் உட்காருவேன். யார் வீட்டில் கல்யாணம், யார் யாரோடு பேசுவதில்லை, யார் மலைக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வேன். கடைக்காரருக்கு இரண்டு பாக்கெட் இனாம். அப்புறம் பொம்மை கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வீட்டுச் சமாச்சாரம் பேசும். அதற்கு எப்படித் தெரியும் என்று வாயைப் பிளப்பார்கள். குறி கேட்க வந்தவர்கள் மாதிரி சில பெண்கள் கும்பிடுவதும் உண்டு. எனக்கு அதில் பெருமை வேறு.

ஒரு கார்த்திகையில் சிலமலை என்ற ஊருக்குப் போனேன். முன்வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் புருஷன் ஆடியில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போனவர், இன்னும் வரவில்லை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு எல்லோரும் இறங்கிவிடுவார்கள்தானே? அந்தத் தைரியத்தில் பொம்மையை அவள் பக்கம் திருப்பினேன்.

"அக்கா, தைக்கு அத்தான் வந்துருவாக. டீத்தூள் இல்லாட்டி என்ன செய்வீக?"

கூட்டம் சிரித்தது. அவள் முகம் மலர்ந்து ஒரு பாக்கெட் வாங்கிப் போனாள்.

தை முடிந்து மலைத் தோட்டங்களுக்கு வேனை ஏற்றினேன். ஒரு தோட்டத்துக் கங்காணி, சிலமலைக்குப் போவீர்களா என்று கேட்டு ஒரு கம்பளி மூட்டையைக் கொடுத்தார். ஐப்பசி மழையில் மரக்கிளை முறிந்து விழுந்து அந்த ஊர் ஆள் ஒருவர் அங்கேயே செத்துப்போனாராம். அடக்கமும் செய்துவிட்டார்களாம். ஊருக்குக் கடிதம் போட்டும் பதில் இல்லையாம். மூட்டையைப் பிரித்தேன். ஒரு ஜோடி செருப்பு, சட்டை, ஒரு போட்டோ. போட்டோவில் அவர் பக்கத்தில் நின்றவள் அந்தப் பெண்தான். என் பொம்மை வாக்குக் கொடுத்தபோதே அவர் செத்து ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

மூட்டையை வைக்க வேனில் பொம்மைப் பெட்டிமேல்தான் இடம் இருந்தது. மலை இறங்கும்வரை நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

சிலமலையில் நேரே அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வியாபாரத்தை முடித்துக்கொண்டு போகலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன. பாதி நிகழ்ச்சியில் அவளே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் அதே பாக்கெட், பிரிக்கவே இல்லை. என்னைப் பார்க்கவில்லை. பொம்மையின் முன்னால் குனிந்தாள்.

"தைக்கு வருவாகன்னு சொன்னியே அப்பு. மாசியும் பொறந்துருச்சு. எங்க இருக்காக?"

பொம்மையை இறக்கி வைத்திருக்கலாம். எழுந்து அவளைத் தனியே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கை பழக்கத்தில் கயிற்றை இழுத்தது, அதன் வாய் திறந்தது.

"அக்கா, அத்தான் செத்துட்டாக."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகியவர்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் மூட்டையை எடுத்து அவள் முன்னால் பிரித்து வைத்தேன். செருப்பைப் பார்த்ததும் சிரிப்பு அங்கங்கே அடங்கியது.

அவள் கம்பளியைத் தொடவில்லை. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"பொம்மை கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க."

பொம்மையைக் கீழே வைத்தேன். என் வாயை நன்றாகத் திறந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். வந்தது பொம்மையின் குரல்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.