எம்பக்கையின் ஒற்றை மர ஆணி

கட்டுகஸ்தோட்டையில் வேன் ஓட்டுகிற கிறகரிக்குப் பேய் பிசாசுப் பயமெல்லாம் கிடையாது. ஹுன்னஸ்கிரிய இறக்கத்தில் ஒருமுறை பிரேக் பிடிக்காமல் போனபோதுகூடப் பதறாமல் மண்மேட்டில் ஏற்றி நிறுத்திய ஆள். அவரை நடுங்க வைப்பது கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட சுற்றுலாச் சபைப் பரிசோதகர்கள்தான். பயணிகளை ஏற்றி இறக்க அவருக்கு அனுமதி உண்டு. கோயிலுக்குள் நின்று விளக்கம் சொல்ல இல்லை. அதற்கு வழிகாட்டி லைசன்ஸ் வேண்டும். லைசன்சுக்குச் சோதனை, சோதனை எழுதப் பதினோராம் வகுப்பு ஓ.எல். பாஸ். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றுபோன மனிதர் அதற்கு எங்கே போவார்?

ஆனால் பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே. பதினொரு வருடமாக லைசன்ஸ்காரர்களுக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் தூக்கிக்கொண்டு நின்றவர். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காதில் விழுந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தார். தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் பிடிக்கும், கடலாதெனியக் கோயிலின் கல்வேலை பிடிக்கும். எம்பக்கை தேவாலயம் எனும் பழைய சிங்களச் சாமி கோயில் என்றால் உயிர். அங்கே மேளம் வாசிக்கும் மண்டபத்து மரத்தூண்களில் எதில் மல்லர்கள் கட்டிப் புரள்கிறார்கள், எதில் இரட்டைத் தலைப் பறவை, எதில் தாய் பால் கொடுக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "நம்ம மாதா கோயில் கூரையில எத்தன மரம்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று மனைவி அந்தோனியம்மா கேலி செய்வாள். தெரியாதுதான்.

போன வருடம் கூட்டாளி மோகனராஜ் இப்படித்தான் லைசன்ஸ் இல்லாமல் விளக்கம் சொல்லிப் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டார். ஹோட்டல்காரர்கள் மறுநாளே டிரைவர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அவருடைய வேன் இன்னும் படங்கு போர்த்தியபடி வீட்டு வாசலில் கிடக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கிறகரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அன்று வந்தவர்கள் மதுரைப் பக்கத்துப் புருசனும் பெண்சாதியும். ஷாமலா என்ற அந்தப் பெண்ணுக்குக் கட்டடப் படம் வரைகிற வேலையாம். எம்பக்கையில் கால் வைத்ததுமே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அண்ணே, இவ்வளவு பெரிய கூரை எப்படி நிக்குது?"

இங்கிலீசில் கேட்டிருந்தால் தெரியாது என்று தப்பியிருப்பார். தமிழில் கேட்டுவிட்டாள். கிறகரி வாசலைப் பார்த்தார், தூண்களுக்கு இடையில் பார்த்தார். யாரும் இல்லை.

"அந்தக் கோடியில பாருங்கம்மா. கூரையத் தாங்குற கைமரம் இருபத்தாறு. எல்லாம் வந்து ஒரே எடத்துல சேருது. அத்தனையையும் புடிச்சிக்கிட்டு நிக்கிறது ஒத்த மர ஆணி. எத்தன நூறு வருசமா நிக்கிது, யோசிச்சிப் பாருங்க."

அவள் வாயைப் பிளந்தாள். அதோடு விட்டிருக்கலாம். மனிதர் தூண் தூணாகக் கூட்டிப்போனார். ஒரு கால் மணி நேரம் பயம் என்ற ஒன்றே அவருக்கு நினைவில்லை.

ஐந்தாவது தூணைச் சுற்றித் திரும்பியபோது அங்கே ஒரு மனிதர் நின்றார். கழுத்தில் அட்டை, கையில் குறிப்பெழுதும் கொப்பி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கிறகரி தூணைக் காட்டிய கையைச் சட்டென்று கீழே இறக்கினார். அந்த மனிதர் மரியாதையாகத்தான் ஷாமலாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இவர்தான் உங்களுக்கு விளக்கம் சொல்கிறாரா?"

"ஆமாம், என்னமாய்ச் சொல்கிறார் தெரியுமா. இவ்வளவு தெரிந்த வழிகாட்டியை நான் பார்த்ததே இல்லை" என்றாள் அந்த மகராசி. நல்லது செய்வதாக நினைப்பு அவளுக்கு.

மனிதர் பேனாவைத் திறந்தார். கிறகரிக்கு மோகனராஜின் வேன்தான் கண்முன் நின்றது.

"சேர், நான் டிரைவர் மட்டும்தான். எனக்கு ஒன்றுமே தெரியாது" என்றார், தனக்கு வந்த ஆங்கிலத்தில்.

மனிதர் கூரையின் கோடியைக் காட்டினார். "அது என்ன?"

"தெரியாது, சேர்."

ஷாமலா இடையில் புகுந்தாள். "சொன்னீங்களேண்ணே. மர ஆணி, இருபத்தாறு கைமரம்..."

பேனா கொப்பிக்கு மேலே நின்றது. கிறகரி அவள் பக்கம் திரும்பவில்லை. "வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னேன், சேர். பொழுது போகவேண்டுமே என்று எல்லாம் நானே கட்டிச் சொன்னேன்."

மனிதர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். நம்பினாரோ, பாவம் பார்த்தாரோ, பேனாவை மூடினார். "வெளியே போய் நில்லுங்கள்" என்றார்.

கிறகரி வெளியே வந்து வேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்து ஏறினார்கள். முதலில் சொன்னது அத்தனையும் மெய்தான் என்று சொல்லிவிடலாமா என நினைத்தார். சொன்னால் சந்தோசப்படுவாள். சந்தோசத்தில் ஹோட்டலில் போய் நாலு பேரிடம் சொல்லுவாள், போனில் எழுதிப் போடுவாள். புகழ்ந்தே ஆளைக் கவிழ்த்துவிடுவாள். கிறகரி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

அடுத்த கோயிலான லங்காதிலகவுக்குத் திரும்பும் முடக்கில் ஷாமலா பின்னாலிருந்து சொன்னாள். கோபம்கூட இல்லை குரலில்.

"அண்ணே, அங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நாங்க எதையாவது நம்பிடுவோம்."

"சரிங்கம்மா" என்றார் கிறகரி.