பூசணிக்காய்க்குப் பராமரிப்பு அட்டை

என் அக்கா புருஷன் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மனுஷன் தங்கம்தான். ஆனால் அந்தத் தங்கத்தை நாள் பூரா வீட்டில் வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். ரிட்டயர் ஆன மறுநாளே அக்காவின் சமையலறைக்குள் புகுந்தார். அலமாரிக் கதவு ஒவ்வொன்றுக்கும் திறந்தால் அடிக்கிற மணி வைத்தார். மிக்ஸி, குக்கர், பால் பாத்திரம் எல்லாவற்றுக்கும் பராமரிப்பு அட்டை தொங்கவிட்டார். கடைசியாகப் பார்த்த தேதி, தாங்கும் எடை, கீழே கையெழுத்து. மூன்றே மாசத்தில் அக்கா பாதி ஆளாகிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி, ரயில் பாதைக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போட ஆசைப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. அக்காவே போய் வரிசையில் நின்று அத்தான் பேரில் பதினேழாம் துண்டை வாங்கினாள். காலை ஆறு மணிக்குப் போனால் மனுஷன் இருட்டிய பிறகுதான் வருவார். அக்கா மணிகளையெல்லாம் கழற்றிப் பையில் போட்டுப் பரணில் ஏற்றினாள்.

அத்தான் போட்டது மஞ்சள் பூசணி. பதினோரு காய் காய்த்தது, பதினொன்றுக்கும் நம்பர் போட்டு அட்டை. முற்றியதும் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார், ஆனால் ஒன்றைக்கூட அறுக்க விடவில்லை.

"நல்லா இருக்கிறதை எதுக்குப் பிரிக்கணும்? ரிப்பேர் ஆனாப் பாத்துக்கலாம்."

சோபாவில் நாலு, கட்டிலில் மூன்று, மீதி சாப்பாட்டு மேஜையில். நான் போனால் தரையில்தான் உட்கார வேண்டும். இந்த லட்சணத்தில், பூசணி சாப்பிட ஆசை வந்தால் அத்தான் கடைக்குப் போய் வாங்கிவருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் நோட்டீஸ் வந்தது. விளைந்ததை வீட்டில் சமைத்துச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் துண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும், வியாழக்கிழமை மதியம் ஆய்வாளர் வீட்டுக்கே வருவார் என்று போட்டிருந்தது. கடைக்காயை வைத்துச் சமாளித்துவிடலாம் என்றார் அத்தான். அது நடக்காது. வரப்போகிற ஆய்வாளரம்மா மீதித் தோலையும் கேட்டு வாங்கி, தோட்டத்தில் முன்பே எடுத்து வைத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள்.

"துண்டு போச்சுன்னா இவர் திரும்ப வீட்டுக்குள்ள வந்துடுவாருடி."

வியாழக்கிழமை அத்தான் குளிக்கப் போன நேரம் பார்த்து, நான் பிடித்துக்கொள்ள, அக்கா ஒன்பதாம் நம்பரை அறுத்தாள். பாதியை சூப் வைத்தாள், பாதியை மிளகு போட்டு வறுத்தாள். ஆய்வாளரம்மா கோப்பும் கையுமாக வந்து, சோபாவில் இரண்டு பூசணிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தோலைத் தூக்கிப் போட்டோவோடு வைத்துப் பார்த்து, ஒன்பது என்று குறித்துக்கொண்டார்.

அத்தானுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. துண்டுக்குச் சொந்தக்காரர்தான் முதலில் சாப்பிட வேண்டும் என்றார் ஆய்வாளரம்மா. அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு கரண்டி சூப் வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. இன்னொரு கரண்டி போட்டார். வறுவலில் ஒரு துண்டை எடுத்து மென்று பார்த்தார். பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டார். ஆய்வாளரம்மா கையெழுத்துப் போட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் மூச்சே விட்டாள்.

அத்தான் எழுந்து சட்டைக் கையை மடித்தார்.

"உப்பு பத்தல, மிளகு ஜாஸ்தி. என் காயை எனக்குத்தான் சமைக்கத் தெரியும். நாளையிலருந்து அடுப்பு என் பொறுப்பு."

சாயங்காலத்துக்குள் பரணிலிருந்த பை கீழே இறங்கிவிட்டது.

பத்து நாள் கழித்துப் போனேன். தெருமுனையிலேயே மணிச்சத்தம் கேட்டது. உள்ளே அத்தான் நாலாம் நம்பரை எடை போட்டுக்கொண்டிருந்தார். அக்காவைக் காணோம். எங்கே என்று கேட்டால், தோட்டத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றார்.

பதினேழாம் துண்டுக்குப் போனேன். களை முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. நடுவில் அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, அத்தான் வறுத்த பூசணியை டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. வறுவல் எப்படி என்றேன். நல்லாத்தான் பண்றார் மனுஷன் என்றாள். கொஞ்சம் நகரு, நானும் உட்காருகிறேன் என்றேன். அவள் நகரவில்லை. வாளியின் கைப்பிடியில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

அதிகபட்சம் ஒரு நபர் என்று எழுதியிருந்தது. கீழே இருந்தது அக்காவின் கையெழுத்து.