கடைசி நாலு வளையங்கள்

காகிதச் சங்கிலி செய்வதற்குப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம். கெட்டியான வண்ணக் காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றை வளைத்து முனைகளை ஒட்டினால் ஒரு வளையம். அடுத்த பட்டையை அதற்குள் நுழைத்து ஒட்டினால் இரண்டு. ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயது ஆகியிருந்ததால், என் சங்கிலி ஐந்து வயதுக் குழந்தை செய்ததைப் போல இருக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன்.

அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் அமெரிக்காவில் பிளானோ என்ற ஊரில் ஓர் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அதுவரை எங்கள் வீட்டில், நவம்பர் கடைசியில் ஊரெல்லாம் வான்கோழி விருந்து வைக்கும் தேங்க்ஸ்கிவிங் என்றால் நாலு நாள் லீவு, அவ்வளவுதான். அப்பா மத்தியானம் வரை தூங்குவார். அம்மா ஒரு மாதத்துத் துணியை மடித்து வைப்பாள். லீவு முடிந்து பள்ளிக்குப் போனால், வகுப்பில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டு மேஜையில் என்ன அலங்காரம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பம்ப்கின் பை சுட்டார்கள் என்று அளந்துகொண்டிருப்பாள். மூன்றாம் வகுப்பில் நானும் சும்மா இருக்காமல் எங்கள் வீட்டில் பதினாறு பேர் சாப்பிட்டதாக அடித்துவிட்டேன். எல்லாரும் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒருத்தி கேட்டதும் என் சாயம் வெளுத்துவிட்டது. அந்த அவமானம் எனக்கு ஒரு வருடம் ஆறவில்லை. நாலாம் வகுப்பில், செப்டம்பர் மாதமே, நூலகத்திலிருந்து இலையுதிர்கால அலங்காரங்கள் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துவந்து, செய்ய வேண்டியவற்றுக்கெல்லாம் மஞ்சள் காகிதம் ஒட்டி வைத்தேன். இந்த வருடம் எங்கள் மேஜையைப் பார்த்து ஊரே அசந்துபோக வேண்டும்.

என் அதிர்ஷ்டம், அக்டோபர் பிறந்ததும் அப்பா பகலில் வீட்டில் இருக்க ஆரம்பித்தார்.

"கொஞ்ச நாளைக்கு அப்பாவுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்" என்றாள் அம்மா. நான் அதை முழுமனதோடு வரவேற்றேன். உண்மையில் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. அவர் இருந்த பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. அறுபது நாளுக்குச் சம்பளம் தருகிறோம், ஆபீசுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறுபது நாளுக்குள் வேறொரு கம்பெனி அப்பாவை எடுத்துக்கொண்டு விசாவுக்கான காகிதங்களை அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் மூன்று பேரும் திருச்சிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இதில் ஒரு வார்த்தைகூட என் காதுக்கு வரவில்லை. பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

நான் சமையலறை காலண்டரில் தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை வரை எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தாறு நாள். ஐம்பத்தாறு வளையம் செய்து, நாளுக்கு ஒன்றாகக் கிழித்துக்கொண்டே வந்தால், கடைசி வளையத்தன்று விருந்து. அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டத்தை விளக்கினேன். அவர் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அறுபதா பண்ணிடலாம்டா குட்டி."

"வொய்? தேங்க்ஸ்கிவிங்குக்கு ஃபிஃப்டி சிக்ஸ்தான் இருக்கு."

"நாலு எக்ஸ்ட்ரா இருக்கட்டுமே. மிச்சம் மீதியெல்லாம் சாப்பிட்டு முடிக்க வேண்டாமா?"

கணக்கு தப்பு என்று எவ்வளவோ வாதாடினேன். அப்பா பிடிவாதத்தில் எனக்கே அப்பா என்று அன்றுதான் தெரிந்தது. ஆரஞ்சு, பழுப்பு, மஞ்சள் என்று அறுபது வளையங்கள். ஜன்னல் திரைக் கம்பியில் தொடங்கி, சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கி, ஃபிரிட்ஜ் உச்சியில் போய் முடிந்தது சங்கிலி. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அப்பா எழுந்து நின்று ஒரு வளையத்தைக் கிழிப்பார். அந்த வேலையை மட்டும் நான் எவ்வளவு கெஞ்சியும் எனக்குத் தரவில்லை.

அந்த அக்டோபரைப் போல ஒரு மாதம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அப்பா லேப்டாப்பும் போனுமாக இருப்பார். மூன்று மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கினேன் என்றால் அதற்கு மேல் அவர் எனக்குத்தான். பார்க்குக்குப் போய்ப் பைன் மரத்துக் காய்களைப் பொறுக்குவோம். பிளானோவில் இலைகள் நிறம் மாற நவம்பர் ஆகிவிடும். அதுவரை காத்திருக்க நான் தயாராக இல்லை. ஆகவே பச்சை இலைகளைக் காகிதத்தில் வைத்து வரைந்து, வெட்டி, சிவப்பு அடித்துத் தோரணம் கட்டினோம். புத்தகத்தில் பிஸ்கட் வான்கோழி என்று ஒன்று இருந்தது. வட்டமான சாக்லேட் பிஸ்கட்டில் கேண்டி கார்ன் மிட்டாயை விசிறி மாதிரி செருகினால் வாலாகிவிடும். அம்மா மிட்டாய்ப் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கத்தைப் பொடி எழுத்து வரைக்கும் படித்தாள்.

"எலும்புல பண்ற ஜெலட்டின் இருக்கு. இது நமக்கு ஆகாது."

புத்தகம் கேண்டி கார்ன் என்றால் கேண்டி கார்ன்தான் என்று நான் கால்களை உதைத்தேன். அப்பா அலமாரியைத் திறந்து, முந்திரிப் பருப்பை இரண்டாகப் பிளந்து, நெய்யில் பொன்னிறமாக வறுத்துச் செருகிக் காட்டினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், படத்தில் இருந்ததைவிட எங்கள் வான்கோழி நன்றாக இருந்தது.

என் பெருமையை அடக்க முடியாமல், என் அப்பா நாள் முழுக்க கிராஃப்ட் செய்கிறார் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன். டீச்சர் உடனே அவரை வகுப்புக்கு அழைத்து, பைன் காயில் வான்கோழி செய்யக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். உதவிக்கு வந்திருந்த ஐந்தாறு அம்மாக்களுக்கு நடுவில், இஸ்திரி போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டையும் ஷூவுமாக அப்பா. வெள்ளைப் பலகையில் 'ஸ்டெப் ஒன்' என்று எழுதி அம்புக்குறி போட்டுத்தான் ஆரம்பித்தார். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு காய்கூட உருண்டு ஓடாமல், ஒரு விரலும் ஒட்டிக்கொள்ளாமல் செய்து முடித்தார். அன்று காலை அவர் ஓர் இன்டர்வியூவின் கடைசிச் சுற்றை முடித்துவிட்டு நேராக அங்கே வந்திருக்கிறார். வேண்டாம் என்ற மெயில் பள்ளியின் பார்க்கிங்கில் காரை நிறுத்தும்போதே வந்துவிட்டதாம். நான் அவர் பக்கத்தில் அசிஸ்டென்ட்டாக நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி "ஹி இஸ் மை டாட்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருந்துக்குக் கீழ் வீட்டு அங்கிள் குடும்பத்தையும் நானே போய் அழைத்திருந்தேன். அவர்கள் ஐந்து, நாங்கள் மூன்று, ஆக எட்டுப் பேர். ஆளுக்கொரு பைன் காய் வான்கோழி, கழுத்தில் பெயர் எழுதிய அட்டை, அதுதான் யார் எங்கே உட்காருவது என்பதற்கு அடையாளம். எங்கே உட்கார்ந்தார்கள் என்று இனி ஒருத்தியும் என்னைக் கேட்க முடியாது. ஏழு முடிந்துவிட்டது. எட்டாவதற்கு இறகு வெட்ட ஆரஞ்சுக் காகிதம் தீர்ந்துபோனது.

"கடைக்குப் போகலாம்மா."

"புதுசா எதுவும் வாங்க வேண்டாம். இருக்கறத வச்சுப் பண்ணு."

இருப்பதை வைத்துத்தானே செய்ய வேண்டும்? வீடு முழுக்கத் தேடினேன். தலைக்கு மேலே சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் பக்கத்துக் கடைசி நாலு வளையங்களும் நல்ல ஆரஞ்சு. தேங்க்ஸ்கிவிங் முடிந்த பிறகு வரப்போகிற, யாருக்கும் பயன்படாத, அப்பாவுக்கு எண்ணத் தெரியாததால் சேர்ந்துவிட்ட வளையங்கள். நாற்காலி போட்டு ஏறி, அந்த நாலையும் கத்தரித்து எடுத்து, சங்கிலியின் முனையை மறுபடி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். இறகுகள் பிரமாதமாக வந்தன.

துணிக்கூடையோடு வந்த அம்மா முதலில் கத்தரிக்கோலைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து சங்கிலியைப் பார்த்தாள்.

"எத்தனை வெட்டின?"

"ஜஸ்ட் ஃபோர். லாஸ்ட்ல இருந்தது. அது யாருக்கும் வேணாம்."

முதுகில் ஓர் அடி விழுந்தது. அதற்கு முன் அம்மா என்னை அடித்ததே இல்லை, அதனால் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"யாருக்கும் வேணாமா? இருக்கறதே கொஞ்சம், அதுலயும் நாலு நாளைக் கத்தரிச்சு எடுத்துட்டியேடி!"

கூடையைக் கீழே வைத்துவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். வெறும் காகிதத்துக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபமாக வந்தது. நானும் அழுதேன், அவளைவிடச் சத்தமாக.

அப்பா அறையிலிருந்து வந்தார். சங்கிலியையும் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"விடு. பேப்பர்தானே" என்றார் அம்மாவிடம். பிறகு மேஜையில் இருந்த வான்கோழியைக் கையில் எடுத்தார். "இது யாரோடது?"

"யுவர்ஸ்" என்றேன் விக்கலோடு.

கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிரின்டரிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாலு பட்டைகள் வெட்டினார். ஒரு பக்கம் முழுக்க ஏதோ அச்சடித்திருந்தது. அது அவருடைய ரெஸ்யூமே.

"ஒயிட் ஃபால் கலரே இல்லப்பா. லீஃப் எதுவும் ஒயிட்டா மாறாது."

"அப்ப நீ கலர் பண்ணிக் குடு."

தரையில் குப்புறப் படுத்து, ஆரஞ்சு கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு எழுத்துகள் அடியில் தெரிந்துகொண்டே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் பெயர், படித்த கல்லூரி, பன்னிரண்டு வருட அனுபவம் எல்லாவற்றின் மேலும் மூன்று முறை தேய்த்து மறைத்தேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, பட்டை நகராமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். நாலையும் கோத்து ஒட்டியதும் அப்பா முதல் வளையத்திலிருந்து கடைசி வரை விரல் வைத்து எண்ணினார். சரியாக இருந்தது.

மறு வாரம் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஒரு சின்னக் கம்பெனி அப்பாவை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆனால் விசாக் காகிதங்கள் தயாராக நாள் பிடித்தது. தேங்க்ஸ்கிவிங் லீவு குறுக்கே வந்துவிட்டது. லீவு முடிந்த திங்கட்கிழமைக்குள் விசா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால் உண்டு, செவ்வாய் என்றால் இல்லை. கம்பெனியின் வக்கீல் புதன்கிழமை சாயங்காலம் அனுப்பிவிட்டதாகச் சொன்னாராம். சேர்ந்ததா என்று கேட்க, லீவு நாளில் எந்த ஆபீசில் யார் இருப்பார்கள்?

வியாழக்கிழமை என் விருந்து நடந்தது. எட்டுப் பேரும் எட்டு வான்கோழிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வெஜிடபிள் பிரியாணி, உருளைக்கிழங்கு ரோஸ்ட், அம்மாவின் கிரான்பெரி தொக்கு, மஞ்சள் பூசணி அல்வா. வகுப்பில் சொல்லித் தந்தபடி, எதற்கு நன்றி என்று ஆளுக்கொன்று சொன்னால்தான் சாப்பாடு என்று உத்தரவு போட்டேன். அங்கிள் குடும்பம் என்றார். ஆன்ட்டி ஆரோக்கியம் என்றார். அப்பாவின் முறை வந்தது. அவர் தன் வான்கோழியின் இறகைத் தொட்டுக்கொண்டே மேலே பார்த்தார். சங்கிலியில் நாலே நாலு வளையங்கள் மிச்சம் இருந்தன.

"எனக்கு இந்த நாலு நாள்" என்றார்.

"அப்பா, தட்ஸ் நாட் எ ரியல் ஆன்சர். மனுஷங்க, ஃபுட், ஏதாவது சொல்லணும்."

"சரிம்மா. அப்ப ஃபுட்" என்றார். அம்மா சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். ஜக் நிறையத் தண்ணீர் மேஜையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்தபோது வீட்டில் கேசரி வாசனை. என்ன பண்டிகை என்று கேட்டேன். சும்மாதான் என்றாள் அம்மா. ராத்திரி அப்பா என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கி, "இன்னிக்கு நீ கிழி" என்றார். இரண்டு மாதமாகக் கெஞ்சியது, எல்லாம் முடிந்து நாலு நாள் ஆன பிறகு கிடைத்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஆரஞ்சு மெழுகு படிந்த கடைசி வளையத்தை வெடுக்கென்று கிழித்துக் கொடுத்தேன். அப்பா என்னைக் கீழே இறக்க மறந்துபோய் அப்படியே வெகுநேரம் நின்றார்.

செவ்வாயிலிருந்து அவர் ரிச்சர்ட்சனுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். திரும்பி வர ஏழு மணி ஆனது. நான் அந்த ஆபீசை மனதார வெறுத்தேன். ஆனால் சோர்ந்துவிடவில்லை. அன்றைக்கே சிவப்பும் பச்சையுமாகக் காகிதம் எடுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் சங்கிலிக்கு உட்காரலாம் என்று அவர் முன்னால் போய் நின்றேன்.

"வேற என்ன வேணா கேளுடா, பண்ணித் தரேன். சங்கிலி மட்டும் வேணாம்."

அடம்பிடித்தேன். அப்பா அசையவில்லை. சரி, எனக்குக் கையில்லையா என்று நானே இருபத்துமூன்று வளையங்கள் செய்து, அதே இடத்தில், ஜன்னலிலிருந்து ஃபிரிட்ஜ் வரை மாட்டினேன். அப்பா சாப்பிட வந்தார். அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டு, எதிர்ப்பக்கம் போய், சங்கிலிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே.

நாற்காலி போட்டு ஏறி என் சங்கிலியைக் கிட்டத்தில் பார்த்தேன். இரண்டு மூன்று இடங்களில் பசை வழிந்திருந்தது. ஒன்றிரண்டு வளையங்கள் கோணலாகவும் இருந்தன. அப்பா மாதிரி ஒருவருக்கு இது எப்படிப் பிடிக்கும்? எல்லாவற்றையும் கழற்றி, புதிதாக வெட்டி, ஸ்கேல் வைத்து, மறுபடியும் முதலிலிருந்து ஒட்ட ஆரம்பித்தேன்.