ஓவியர் வீட்டு மாப்ள

அலங்காநல்லூர்ப் பக்கம் குடியிருக்கும் அந்தப் பெரிய ஓவியரை நான் அவர் வீட்டுக்குப் போவதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். மதுரையில் நடந்த ஒரு கண்காட்சியில், போண்டா வாங்கும் வரிசையில். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் வளர்த்துவிட்டேன். ஒருவன் சென்னைக்காரன், இன்னொருத்தி கோயம்புத்தூர்க்காரி. பழகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மூன்று பேருக்கும் ஓவியம் என்றால் பைத்தியம். "அவர் என்னை மாப்ளன்னுதான் கூப்பிடுவார்" என்றேன். அதில் பொய் இல்லை. "சொந்தமுங்களா?" என்று அவள் கேட்டதற்குத் தலையாட்டினேன் பாருங்கள், அதுதான் பொய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் என்னை ஓவியர் வீட்டுக்குக் கிளப்பிவிட்டார்கள். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. அந்த மனுஷன் 'யாருப்பா நீ?' என்று கேட்டுவிட்டால், திங்கட்கிழமை எந்த முகத்தோடு இவர்களோடு டீ குடிக்கப் போவது?

ஓவியர் லுங்கியும் பனியனுமாக வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள!" என்றார். நான் பெருமையாகத் திரும்புவதற்குள் சென்னைக்காரனிடமும் "வாங்க மாப்ள" என்றார். கேஸ் சிலிண்டர் இறக்க வந்தவரிடம், "மாப்ள, அங்கிட்டு வைங்க." செம்பருத்தியை மேய்ந்துகொண்டிருந்த கன்றுக்குட்டியிடம், "மாப்ள, செடியக் கடிக்காதடா!"

சென்னைக்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "சார், இவன் உங்களுக்குச் சொந்தக்காரனாமே?"

ஓவியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் அளந்தார். படம் வரைகிறவர் கண், எதையும் விடாது. என் காதுமடல் சுட்டது.

"ஆமாமா, நம்ம வீட்டுப் பிள்ளைதான்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அதற்குள் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "விருந்தாளிகளுக்கு நான் படத்தக் காட்டுறேன். நீங்க வீட்டாளாச்சே! மோட்டார் ஓடுது, வாழைக்குத் தண்ணியத் திருப்பி விடுங்க மாப்ள."

"நல்ல சொந்தமுங்க" என்று சிரித்துக்கொண்டே கோயம்புத்தூர்க்காரி உள்ளே போனாள்.

நான் படித்த இன்ஜினியரிங்கில் வாய்க்கால் வெட்டச் சொல்லித் தரவில்லை. ஒரு பக்கம் மண்ணைப் போட்டு அடைத்தால் மறுபக்கம் உடைந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து, "யப்பா, இந்த நீலத்தப் பாரேன்!" என்று சென்னைக்காரன் கத்தினான். முழங்கால் சேற்றோடு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். ஓவியத்தின் முதுகுதான் தெரிந்தது.

"மாப்ள, வாழைக்குத் தண்ணி போயிருச்சா?" உள்ளேயிருந்து ஓவியர் கேட்டார்.

தண்ணீர் எங்கள் வண்டிகள் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"போயிருச்சு மாமா!" என்றேன்.